மணலில் சறுக்கியதற்கு ஒரு ஸ்தோத்திர காணிக்கை

துபாய்
3-3-1979

மரியாதைக்குரிய உங்களுக்கு,

கிருபாவதி எழுதுவது. நான் சுகம். சுகம் என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே இதைச் சொல்வது சரியில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நேற்று இடது மணிக்கட்டை ஒடித்துக்கொண்டேன். பயப்பட ஒன்றுமில்லை, ஆறு வாரம் மாவுக்கட்டு. எழுதுகிற கை நன்றாக இருப்பதால் என் கடிதங்களிலிருந்து உங்களுக்குத் தப்பிக்க வழியில்லை.

எப்படி ஒடிந்தது என்பதுதான் விசேஷம். நேற்று வெள்ளிக்கிழமை, இங்கே விடுமுறை. எங்கள் ஆஸ்பத்திரி ஆட்கள் ஒன்பது பேர் இரண்டு ஜீப்பில் ஹத்தா மலைப்பக்கம் சுற்றுலா கிளம்பினோம். வழியில் செங்கல் பொடி நிறத்தில் மணல் மேடுகள். ஒவ்வொன்றும் நம் சித்தூர் ஆலயக் கோபுரத்தைப் போல இரண்டு மடங்கு உயரம் இருக்கும். எக்ஸ்ரே எடுக்கும் வெள்ளைக்காரர் ஒட்டுப்பலகையில் நீளமாக ஒன்று அறுத்துக் கொண்டுவந்திருந்தார். முன்பக்கம் கொஞ்சம் மேலே வளைந்திருக்கும். அடியில் மெழுகுவத்தி தேய்த்திருந்தார். மேலே பாதத்தை நுழைத்துக்கொள்ள டயர் ட்யூப்பில் வெட்டிய பட்டை இரண்டு. அதன்மேல் நின்றுகொண்டு உச்சியிலிருந்து சறுக்கி வர வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

ஸ்டோர் கீப்பர் கோவர்த்தனன் நம் ஜில்லாக்காரன், நாகலாபுரம். "இன்னா சிஸ்டர், அல்லாரும் பயந்துக்கினு நிக்கிறீங்கோ? ஆத்து மணல்ல பொரண்டு வளந்தவன் நானு. இதெல்லாம் ஒரு மணலா?" என்று பலகையைத் தூக்கிக்கொண்டு ஏறினான். மேலே போனவன் நின்றான். நின்றுகொண்டே இருந்தான். கீழே நாங்கள் ஆளுக்கொரு டம்ளர் டீ குடித்து முடித்தோம். கடைசியில், "செருப்பு வாரு அறுந்துபோச்சி!" என்று கத்திவிட்டு, பலகையை அங்கேயே போட்டுவிட்டு, அந்தப் பக்கமாக நடந்து இறங்கிவிட்டான். சறுக்குவதே வெறுங்காலில்தான். செருப்பு எதற்கு என்று எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அவன் விட்டுப்போன பலகையை எடுத்துவரத்தான் நான் ஏறினேன், சத்தியமாக. ஓர் அடி வைத்தால் அரை அடி கீழே இழுக்கிற மணல். மேலே போய்ச் சேர்ந்ததும், இவ்வளவு கஷ்டப்பட்டு ஏறிவிட்டு நடந்தா இறங்குவது என்று தோன்றியது. முதல் தடவை பலகைமேல் உட்கார்ந்தபடி வந்தேன். இரண்டாம் தடவை நின்றேன், பாதியில் உருண்டேன். மூன்றாம் தடவை முட்டியை மடக்கி, பின்னங்காலில் பாரத்தைப் போட்டு, அடிவரை நின்றபடியே வந்தேன். மணல் பலகைக்கடியில் உஸ்ஸென்று ஓடியது. நான் கத்தினேன், பயத்தில் இல்லை. முப்பத்தைந்து வயதில் இப்படி ஒரு சத்தம் என் தொண்டையிலிருந்து வரும் என்று எனக்கே தெரியாது. நாலாவது தடவைதான் கை ஊன்றி விழுந்தேன். முள்கரண்டி மாதிரி மணிக்கட்டு வளைந்திருந்ததைப் பார்த்ததும் எக்ஸ்ரே இல்லாமலே தெரிந்துவிட்டது.

மூன்றாவது தடவை யாரோ எடுத்த படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். ஜனவரியில் திருப்பதியில் நம் நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தபோது, "அவள் போனதிலிருந்து வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாலு வருஷமாகிறது" என்று உங்கள் மனைவியைப் பற்றிச் சொன்னீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அண்ணனிடம் சரி என்று தலையாட்டினேன். இதைப் படித்துவிட்டு நீங்களும் கொஞ்சம் சிரிக்க வேண்டும்.

உங்கள்,
கிருபாவதி

---

சித்தூர்
19-3-1979

கர்த்தருக்குள் பிரியமான கிருபாவதிக்கு,

வேதநாயகம் எழுதிக்கொள்வது. உன் கடிதம் கிடைத்தது. தவறாகப் படித்துவிட்டேனோ என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தேன். தவறில்லை. நீ எழுதியது அதேதான்.

இருபத்திரண்டு வருஷமாக ஆசிரியராகவும் அதில் ஏழு வருஷம் தலைமையாசிரியராகவும் இருக்கிறேன். ஆறாம் வகுப்பு வானரங்கள் செய்கிற அத்தனை சேட்டையும் பார்த்தாயிற்று. மண்மேட்டில் பலகை போட்டு வழுக்கிக் கையை ஒடித்துக்கொண்டு, அதைப் பெருமையாகக் கடிதத்திலும் எழுதியவன் இதுவரை ஒருவனும் இல்லை. படித்து, வெளிநாடு போய், வெள்ளைக்காரனோடு வேலை செய்து நீ கற்றுக்கொண்ட வித்தை இதுதானென்றால் அதற்கு அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாம். இங்கே குவாரியில் இருக்கிறது மண்.

புகைப்படத்தையும் பார்த்தேன். வாயை அகலத் திறந்துகொண்டு, தலைமயிர் பறக்க, கையை விரித்துக்கொண்டு நிற்கிறாய். ஆஸ்பத்திரியில் இருப்பவள் என்று சொன்னால் எந்தக் கட்டிலில், நோயாளியாகவா என்று கேட்பார்கள். அந்தக் கால்சட்டை யாருடையது என்று நான் கேட்கப்போவதில்லை.

இனி நடந்ததைக் கேள். கை ஒடிந்த சமாசாரத்தைத் திருப்பதியில் உன் அண்ணன் அசரியா, ரயில்வே ஆபீஸ் முழுவதும் சொல்லிவிட்டார். அங்கிருந்து சபைக்கு வந்துவிட்டது. நான் சபைச் செயலாளர். எப்படி ஒடிந்தது என்று ஆளுக்கு ஆள் கேட்டால் எதைச் சொல்வேன்? வழுக்கினாள் என்றா? மோட்டார் விபத்து என்று சொல்லிவிட்டேன். சொன்னதற்கு ஏற்ப நேற்று ஆராதனையில் ஸ்தோத்திர காணிக்கையும் கொடுத்தேன். "வனாந்தரத்தில் நேரிட்ட மோட்டார் விபத்தில் சகோதரி கிருபாவதி உயிரோடு காக்கப்பட்டதற்காக" என்று நம் போதகர் கிருபானந்தம் ஐயர் உருக்கமாக வாசித்தார். "பாவம், அந்தப் பொண்ணு காருல அடிபட்டுக்கினு கெடந்துதாம்" என்று பெண்கள் பக்கத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

மாதர் சங்கத் தலைவி ஜெபமணி அம்மாள், நீ வந்ததும் முதல் கூட்டத்தில், கர்த்தர் உன்னைக் காத்ததைப் பற்றிச் சாட்சி சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறார். உனக்கு வீண் சிரமம் வேண்டாமென்று நானே எழுதி அனுப்புகிறேன். மனப்பாடம் செய்துகொள்:

"அன்பான சகோதரிகளே, வியாதிஸ்தர் ஒருவரைக் காணும்படி அடியாள் வனாந்தர மார்க்கமாய்ப் பிரயாணம்பண்ணுகையில், சடுதியில் ஓர் ஒட்டகம் குறுக்கே வந்தபடியினாலே, எங்கள் வாகனம் மூன்று தரம் புரண்டது. மரண இருளைக் கண்டேன். ஆயினும் என் இடதுகை ஒன்றைத் தவிர என்னில் யாதொரு சேதமும் உண்டாகவில்லை."

நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டும். "மரண இருள்" வரும் இடத்தில் குரல் தாழட்டும்.

இப்படிக்கு,
சா. வேதநாயகம்

---

துபாய்
29-3-1979

அன்புள்ள உங்களுக்கு,

சாட்சி கிடைத்தது. வார்டில் யசோதா என்று ஒரு நர்ஸ் இருக்கிறாள், நெல்லூர்க்காரி. அவளுக்குத் தெலுங்கில் சொல்லிக் காட்டினேன். "அய்யோ பாபம், ஒண்ட்டெக்கு ஏமாயிந்தி?" என்று கேட்டாள். எனக்கும் அதே சந்தேகம்தான். ஒட்டகத்துக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் எழுதவேயில்லை.

வேலூரில் நாலு வருஷம் படித்தவள் என்ற முறையில் வேறு சில திருத்தங்களும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜீப் மூன்று தரம் புரண்டால் இடது மணிக்கட்டு மட்டும் பூவாக ஒடிந்து மற்றதெல்லாம் முழுசாக இருக்காது. குறைந்தது இரண்டு விலா போக வேண்டும், காரையெலும்பு போக வேண்டும், முகத்தில் கண்ணாடிச் சில்லு கிழித்த தழும்பு வேண்டும். என் எலும்பு ஒடிந்திருக்கிற மாதிரி, தவறி விழும்போது கையை ஊன்றுகிறவர்களுக்குத்தான் ஒடியும். குளியலறையில் வழுக்கிய பாட்டிமார் வாரம் நாலு பேர் இதே கையோடு வருகிறார்கள். ஜெபமணி அம்மாளின் மூத்த மகளும் நர்ஸ்தானே? என் கையைப் பார்த்ததும் கேட்டுவிடுவாள். அப்போது மரண இருளை நீங்கள்தான் காண வேண்டியிருக்கும்.

விளையாட்டு இருக்கட்டும். எனக்குக் கோபம் வந்திருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. நான் திருடவில்லை, குடிக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சந்தோஷமாக இருந்தேன். அதை ஆலயத்தில் சொல்ல உங்களுக்கு வெட்கம், ஆனால் அதே ஆலயத்தில் ஒரு பொய்க்குக் காணிக்கை போட்டு ஸ்தோத்திரம் சொல்ல வெட்கமில்லை. ஐயரை வாசிக்கவைத்து, நாலு பெண்களை அழவும் வைத்திருக்கிறீர்கள்.

போனது போகட்டும். விபத்து இல்லை, விளையாடும்போது விழுந்தாள், நான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று ஐயரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். முடிந்தது.

கால்சட்டை எக்ஸ்ரேக்காரரின் மனைவியுடையது. நீங்கள் கேட்காத கேள்விக்குப் பதில்.

உங்கள்,
கிருபாவதி

---

சித்தூர்
9-4-1979

கிருபாவதிக்கு,

எலும்பைப் பற்றி எனக்குப் பாடம் நடத்தியதற்கு நன்றி. நான் உன்னிடம் கேட்டது மனப்பாடம், விமரிசனம் அல்ல.

ஐயரிடம் போய்ச் சொல்வதாம். தலைமையாசிரியன் பொய் சொன்னான் என்று நானே தண்டோரா போட வேண்டுமாம். நீ ஐந்து வருஷம் யாருக்கும் பதில் சொல்லாமல் வாழ்ந்தவள், உனக்கு இந்த ஊர் தெரியாது. ஆராதனை முடிந்து நான் படியிறங்கினால் வழிவிட்டு நிற்பார்கள். அந்த மரியாதை பலகைமேல் ஏறி வந்ததில்லை. மறைந்த என் மனைவி பதினாலு வருஷம் குடித்தனம் நடத்தினாள், ஒருநாளும் வாசலில் கேட்கும்படி சிரித்தவளில்லை. நான் பஸ் ஸ்டாண்டில் சொன்ன சிரிப்பு, குடும்பத்துக்கேற்ற சிரிப்பு. உனக்கு அந்த வித்தியாசம் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

நம் கல்யாண ஓலை ஏப்ரல் 22, 29, மே 6 ஆகிய மூன்று ஞாயிறும் ஆலயத்தில் வாசிக்கப்படும். முறை உனக்கும் தெரியும். ஒவ்வொரு முறையும் ஐயர், இவர்கள் இருவரும் சேர்வதற்கு ஆட்சேபனை உள்ளவர்கள் எழுந்து சொல்லலாம் என்று கேட்பார். அந்தப் படம் யார் கையிலாவது கிடைத்திருந்தால் எழுந்திருக்க நாலு பேர் தயாராக இருப்பார்கள். ஆகையால் அதை அடுப்பில் போட்டுவிட்டேன். ஜூன் 13 புதன்கிழமை கல்யாணம். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன் முடித்துவிட வேண்டும்.

நீ செய்ய வேண்டியது: வேலையை ராஜினாமா செய். கட்டு அவிழ்த்த பிறகும் கையில் ஒரு துணி சுற்றிக்கொண்டு வா. மணல், பலகை, கோவர்த்தனன் என்ற வார்த்தைகள் உன் வாயில் வரக்கூடாது. வரும்போது டேப் ரிக்கார்டர் ஒன்றும் நல்ல டார்ச் லைட் ஒன்றும் வாங்கி வா. அந்த மணல் காட்டில் உருப்படியாகக் கிடைப்பது அவைதான் என்கிறார்கள்.

சா. வேதநாயகம்

---

துபாய்
19-4-1979

அன்புள்ள உங்களுக்கு,

கட்டு அவிழ்த்தாயிற்று. துணி சுற்றுவதாக இல்லை.

படத்தை எரித்ததாக எழுதியிருந்தீர்கள். அந்த வரியில்தான் என்னை அறியாமல் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுவிட்டேன். ராத்திரி டியூட்டி, நோயாளி வாந்தி, டாக்டர் அதட்டல் என்று இருக்கிற என் முகத்தைத்தான் நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். அந்தப் படத்தில் இருந்தவளை நான் அதுவரை பார்த்ததில்லை. அவளை உங்களுக்குக் காட்ட வேண்டும் என்றுதான் அனுப்பினேன். அடுப்பில் போட்டீர்கள். நெகடிவ் இருக்கிறது, அது வேறு விஷயம்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் சொல்லாததால் நான் சொல்லப்போகிறேன். கிருபானந்தம் ஐயருக்கு என் பெயரில் ஒரு ஸ்தோத்திரக் குறிப்பு அனுப்பியிருக்கிறேன். அண்ணன் அசரியா திருப்பதியிலிருந்து வந்து காணிக்கையோடு கொடுப்பார். மே 6-ஆம் தேதி, மூன்றாம் ஓலைக்கு முன்னால் வாசிக்கக் கேட்டிருக்கிறேன். குறிப்பு இதுதான்:

"துபாயிலிருக்கும் கிருபாவதி, உல்லாசப் பயணத்தில் மணல் மேட்டின் மேலிருந்து பலகையில் சறுக்கி மிகவும் சந்தோஷப்பட்டதற்காகவும், கை ஒன்று ஒடிந்ததோடு போனதற்காகவும் தேவனுக்கு ஸ்தோத்திரம் செலுத்துகிறாள். மோட்டார் விபத்து எதுவும் நடக்கவில்லை. ஒட்டகம் எதுவும் குறுக்கே வரவில்லை."

அதற்குப் பிறகு ஐயர் வழக்கம்போல ஆட்சேபனை உண்டா என்று கேட்பார். இப்படிப்பட்டவள் உங்களுக்கு வேண்டாம் என்றால் அப்போது எழுந்து சொல்லிவிடுங்கள். ஊரில் ஒருவரும் உங்களைக் குறை சொல்லமாட்டார்கள், நானும் சொல்லமாட்டேன். எழுந்திருக்காவிட்டால், நடந்ததெல்லாம் தெரிந்தே என்னை ஏற்றுக்கொண்டீர்கள் என்று எடுத்துக்கொண்டு புறப்பட்டு வருவேன். வேலைக்கு ராஜினாமா எழுதி மேஜைமேல் வைத்திருக்கிறேன், கையெழுத்துதான் பாக்கி.

கிருபாவதி

---

சித்தூர்
8-5-1979

கிருபாவதிக்கு,

வாசித்தார்கள். உன் ஆசை நிறைவேறியது.

ஐயர் "மணல் மேட்டின் மேலிருந்து" என்று ஆரம்பித்ததுமே எனக்கு வேர்த்துவிட்டது. ஒட்டகம் வந்த இடத்தில் அவரே சிரித்துவிட்டார், அங்கி போட்டுக்கொண்டு. பெண்கள் பக்கம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கியது. பாடகர் குழுவில் ஒருவன் பாட்டுப் புத்தகத்தைக் கீழே போட்டான். அந்த ஆலயத்தில் பிறந்ததிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன், இப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. ஜெபமணி அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நம்ம பொண்ணுக்கு இன்னா தெகிரியம்!" என்று என் காதில் விழும்படியே சொன்னார்.

பிறகு ஓலை. ஆட்சேபனை உண்டா என்று ஐயர் கேட்டார். எல்லாருடைய தலையும் என் பக்கம் திரும்பியது. நான் எழுந்திருக்கவில்லை. இதை நீ கவனிக்க வேண்டும். எழுந்து ஒரே வார்த்தையில் உன்னை உதறியிருக்கலாம், நீயே கொடுத்த சந்தர்ப்பம். உதறவில்லை. ஓலை முடிந்தது.

ஆராதனைக்குப் பின் வாசலில் பிடித்துக்கொண்டார்கள். அப்போ காரு விபத்து இன்னா ஆச்சி சார் என்று. என் பள்ளிக்கூட அட்டெண்டர் துலுக்காணம் சைக்கிளை வைத்துக்கொண்டு வெளியே நிற்கிறான், அவன் காதிலும் விழுகிறது. ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும். விபத்து நடந்தது உண்மைதான், அதில் தலையிலும் அடி, அதனால் புத்தி சற்றுத் தடுமாறி இப்படிக் கற்பனையாக எழுதுகிறாள், இங்கே வந்து ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று சொன்னேன். உடனே எல்லாருக்கும் இரக்கம் வந்துவிட்டது. சிரித்ததற்காக வருத்தப்பட்டார்கள். ஜெபமணி அம்மாள் உனக்காக உபவாச ஜெபத்துக்கே ஏற்பாடு செய்கிறார்.

ஆகையால் ஒரு கெடுதலும் இல்லை. உன் பெயரும் தப்பித்தது, என் பெயரும் தப்பித்தது. வந்த பிறகு முதல் ஒரு மாதம் அதிகம் பேசாமல் இருந்தால் போதும். சிக்கலை அவிழ்த்தவன் நான்தான் என்பதை நீ ஒருநாள் உணர்வாய். டேப் ரிக்கார்டரை மறக்காதே.

சா. வேதநாயகம்

---

துபாய்
17-5-1979

வேதநாயகம் அவர்களுக்கு,

இரண்டு மாதத்தில் எனக்கு மோட்டார் விபத்து, மரண இருள், இப்போது பைத்தியம். நீங்கள் ஆசிரியராகாமல் மருத்துவராகியிருந்தால் எத்தனை பேரைக் கொன்றிருப்பீர்களோ.

நீங்கள் எழுந்திருக்கவில்லை என்பதைப் படித்தபோது ஒரு நிமிஷம் நெஞ்சு நிறைந்துவிட்டது. அடுத்த பத்தியைப் படிக்கும்வரை அப்படித்தான் இருந்தது. என்னை ஏற்றுக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள் என்று நினைத்தேன். எழுந்திருக்கப் பயந்து உட்கார்ந்திருந்தீர்கள். ஆலயத்தில் வாயைத் திறக்காதவருக்கு வாசலுக்கு வந்ததும் வாய் வந்துவிட்டது.

நான் அசட்டுத்தனமாக ஒன்று சொல்ல வேண்டும். இவ்வளவு ஏளனம் செய்த பிறகும் எனக்கு வர வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஐந்து வருஷமாக ஹாஸ்டல் கட்டிலில் படுத்து எழுந்திருக்கிறேன். எனக்கென்று ஒரு சமையலறை வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வருகிறவரோடு சண்டை போட வேண்டும், அவருக்கு டீ போட்டுக் கொடுக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டில் பையை வாங்கிக்கொண்டு என்னோடு நடந்த மனுஷர் பொய்யில்லை என்று இன்னமும் நம்புகிறேன். ஆசை போகமாட்டேன் என்கிறது, அதற்காக என்மேலேயே எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை மறுபடி அந்த மேட்டுக்குப் போனோம். கோவர்த்தனனும் வந்தான். இரண்டு மாதமாக ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவனைப் பார்த்தாலே காலைக் காட்டி, "வாரு இன்னா ஆச்சி?" என்று கேட்டுக் கேட்டு அவன் சாப்பாட்டு அறைக்கு வருவதையே விட்டிருந்தான். ஏறினான். நின்றான். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு பலகைமேல் உட்கார்ந்து, "யம்மா" என்று அலறிக்கொண்டே அடிவரை வந்துவிட்டான். சட்டை பூராவும் மணல். எழுந்து உதறிக்கொண்டு, "அவ்ளோதானா சிஸ்டர்?" என்றான். அதன்பிறகு அவனை ஒருவரும் கேலி செய்யவில்லை.

உங்களுக்கும் அவ்வளவுதான். மே 27 ஞாயிறு, அறிவிப்புகள் வாசிக்கும்போது எழுந்து, "விபத்து என்றதும் புத்தி தடுமாற்றம் என்றதும் நான் சொன்ன பொய், அவளுக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடுங்கள். பிரசங்கம் வேண்டாம், இந்த ஒரு வாக்கியம் போதும். சொல்லியாயிற்று என்று தந்தி கொடுங்கள். ஜூன் 9 சனிக்கிழமைக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். தந்தி வந்தால் ஏறுவேன். சபை முழுக்கப் பைத்தியம் என்று இரக்கப்படுகிற ஊரில், உங்கள் பின்னால் வாயை மூடிக்கொண்டு படியிறங்க என்னால் முடியாது.

கிருபாவதி

---

சித்தூர்
28-5-1979

பிரியமுள்ள கிருபாவதிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. இரவு முழுவதும் யோசித்தேன். நீ கேட்டதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. இதை உன்னிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

நேற்று சொல்லிவிடுவது என்றுதான் வெள்ளைச் சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு போனேன். முன் வரிசையில்தான் உட்கார்ந்தேன். ஆனால் காலையிலிருந்தே தொண்டை கட்டிக்கொண்டுவிட்டது. பேச்சு எழும்பவில்லை. வெயில் காலத்தில் பானைத் தண்ணீர் குடித்தது தப்பு. அதுவும் தவிர, நேற்று வேலூரிலிருந்து விருந்தாளியாக வந்த போதகர்தான் பிரசங்கம். வெளியூர்க்காரர் முன்னால் நம் சபை சமாசாரத்தை எடுப்பது முறையாகாது என்று உனக்கே புரியும்.

அடுத்த ஞாயிறு திருவிருந்து ஆராதனை, அன்று இது பொருந்தாது. அதற்கடுத்த ஞாயிறு 10-ஆம் தேதி, நீயே வந்து என் பக்கத்தில் இருப்பாய். இருவருமாகப் பார்த்துக்கொள்ளலாம். கல்யாணம் முடிந்த பிறகு சாவகாசமாகச் சொன்னாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது. யார் ஞாபகம் வைத்திருக்கப்போகிறார்கள்?

தந்தியில் இவ்வளவும் சொல்ல முடியாதென்று கடிதமாக எழுதுகிறேன். தந்தி வரவில்லையே என்று அவசரப்பட்டு எதுவும் செய்துவிடாதே. பந்தல்காரனுக்குச் சொல்லியாயிற்று. வீட்டுக்கு வெள்ளையடித்திருக்கிறேன். சமையலறையில் உனக்காக ஜன்னல் ஒன்று புதிதாக வைத்திருக்கிறேன்.

உன்,
வேதநாயகம்

---

துபாய்
7-6-1979

திரு. வேதநாயகம் அவர்களுக்கு,

செருப்பு வார் அறுந்துவிட்டதா?

சனிக்கிழமை டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ராஜினாமாவைக் கிழித்துவிட்டேன். நேற்று பகல் முழுக்க அழுதேன், அந்த ஜன்னலை நினைத்துத்தான் அதிகம். வேண்டுமானால் இதையும் சாட்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிச்சயத்தன்று நீங்கள் கொடுத்த வேதப்புத்தகத்தை அண்ணன் கொண்டுவந்து தருவார். ஓலை வாசித்து மூன்று மாதத்துக்குள் கல்யாணம் நடக்காவிட்டால் அது தானாகவே செல்லாமல் போய்விடும் என்று ஐயர் எழுதியிருக்கிறார். அதற்காக நீங்கள் எழுந்து ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. உட்கார்ந்திருந்தாலே போதும்.

கிருபாவதி